ரேக் வாங்க வேண்டியது யார்?



"சார், வீட்டில் ஷூ அப்பர் தைக்கிறோம். தோல் கட்டு வைக்க எந்த ரேக் வாங்கலாம்?" என்று பழைய மாணவி ஒருத்தி கேட்டாள். ஆம்பூர், பேரணாம்பட்டு பக்கம் எத்தனையோ வீடுகளில் இதே நிலைமைதான். ஜோடிக் கணக்கில் கூலி வருகிறது. இடத்துக்கு வாடகை வருவதில்லை. படுக்கிற அறையே குடோன்.

இரும்பு ஆங்கிள் ரேக் வாங்கம்மா. கனமானது கீழ்த்தட்டில், லேசானது மேலே. மேல் முனையைச் சுவரோடு போல்ட் போட்டு இறுக்கு. பிள்ளை பிடித்து ஏறினால் ரேக் சாயும். "சுவரில் ஓட்டை போடாதே" என்பார் வீட்டுக்காரர். சுவர் ஓட்டையைச் சிமெண்ட் பூசி அடைக்கலாம், பிள்ளையின் மண்டையை?

ஒட்டுகிற சொல்யூஷன் டின் அந்த அறையிலேயே வேண்டாம். அதன் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு தங்கும். அங்கேதானே பாய் விரித்துப் பிள்ளைகள் தூங்குகிறார்கள்? அடுப்பும் பக்கத்தில். இறுக மூடி, வெளியே காற்றோட்டமான இடத்தில் பூட்டி வை.

எல்லாம் சரி, காசு யார் கொடுப்பது? கம்பெனிக்குள் தைத்தால் ரேக் கம்பெனியுடையது. தோலும் லாபமும் அவர்களுடையது, இடமும் ஆபத்தும் மட்டும் நம்முடையதா? வேலை கொண்டுவரும் ஏஜெண்டிடம் கேளுங்கள். தனியாக வேண்டாம், தெருவே சேர்ந்து கேளுங்கள்.