தாய்மொழிக்கு எதற்குத் தனிப்பாடம் என்போர் ஸ்பெயினைப் பார்க்கட்டும்!



தாய்மொழியைப் பற்றி நம்மிடையே உலவும் கருத்துகளுள் மிகவும் பிழையான ஒன்று உண்டு. “வீட்டில் பேசுகிற மொழிதானே, அதில் தனியாகப் படிக்க என்ன இருக்கிறது? நாளைக்கு வேலைக்குப் போகிற பிள்ளைக்கு வேறு எதையாவது சொல்லிக் கொடுங்கள்” என்பதே அது. பெற்றோர் சிலர் இப்படிச் சொன்னால் பொறுத்துக் கொள்ளலாம். அவர்களுக்கு எடுத்துச் சொல்வார் இல்லை. தமிழ் கற்பித்து ஊதியம் பெறும் ஆசிரியர்களுள்ளும் சிலர் இதைச் சொல்லக் கேட்கும்போதுதான் பெரும் வேதனையாக இருக்கிறது.

இதை மறுப்பதற்குத் தொல்காப்பியத்தையோ திருக்குறளையோ நான் துணைக்கு அழைக்கப் போவதில்லை. அழைத்தால், “பழம்பெருமை பேசுகிறார்” என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுவார்கள். ஆகவே, பணம் புழங்கும் துறை ஒன்றை, நமக்கு எந்த உறவும் இல்லாத ஒரு நாட்டிலிருந்து எடுத்துக்காட்டுகிறேன்.

ஸ்பெயின் நாட்டில் ‘விளம்பரமும் மக்கள் தொடர்பும்’ என்பது ஒரு பட்டப்படிப்பு. நான்காண்டுகள் நடைபெறும் இப்படிப்பை மாட்ரிட், செவியா, அலிகாந்தே முதலிய பல நகரங்களின் பல்கலைக்கழகங்கள் வழங்கி வருகின்றன. சந்தை ஆய்வு, ஒளிப்படம், வடிவமைப்பு, விளம்பரச் சட்டம் என்று பலவற்றையும் படிக்கிறார்கள். அவற்றோடு, பல பல்கலைக்கழகங்களில் தொடக்க ஆண்டிலேயே ஸ்பானிய மொழியையும் ஒரு பாடமாகப் படிக்கிறார்கள். பேச்சு ஸ்பானியம், எழுத்து ஸ்பானியம் என இரண்டும் அதில் அடங்கும். படிப்பவர்கள் யார்? வெளிநாட்டு மாணவர்கள் அல்லர். பெரும்பாலும் பிறந்தது முதல் ஸ்பானியம் பேசி வளர்ந்த பிள்ளைகள்! ஏறத்தாழ 50 கோடிப் பேர் தாய்மொழியாகப் பேசும் ஒரு மொழியை, அம்மொழிக்காரருக்கே பல்கலைக்கழகத்தில் மீண்டும் கற்பிக்கிறார்கள்.

அங்கேயும் இதை வீண்சுமை என்று எண்ணுகிற மாணவர் இருக்கத்தான் செய்வர். “விளம்பரத்திற்குக் கற்பனை போதும், இலக்கணம் எதற்கு?” என்று கேட்பது எளிது. ஆனால் அந்தப் பாடத்திற்குரிய செய்திகளை ஒவ்வொன்றாகப் பார்த்தால் அந்தக் கேள்வி நிற்காது.

முதலில் பேச்சைப் பார்ப்போம். ஸ்பானிய மொழியில் ‘வீடு’ என்பதற்கும் ‘வேட்டை’ என்பதற்கும் உரிய சொற்கள் ஓரெழுத்தில் மட்டும் வேறுபடுவன. மாட்ரிட்டில் வேட்டைக்குரிய எழுத்தை நாவின் நுனியைப் பற்களிடையே வைத்து ஒலிப்பர். ஆதலால் காதுக்கு வேறுபாடு தெரியும். மெக்சிகோவிலும் அர்ஜென்டினாவிலும் இரண்டுமே ‘காசா’தான். சமைத்தலும் தைத்தலும் இப்படியே ஒன்றாகிவிடும். மாட்ரிட்டில் அமர்ந்துகொண்டு இச்சொற்களை வைத்துச் சிலேடை செய்து ஒரு வானொலி விளம்பரம் எழுதினால், கடல் கடந்ததும் அது செத்துவிடும். லகர, ளகர, ழகரத்தோடு நாள்தோறும் போராடும் நமக்கு இது புரியாத செய்தியா? ‘வலி’, ‘வளி’, ‘வழி’ மூன்றையும் ஒன்றாகவே ஒலிக்கும் ஓர் அறிவிப்பாளரிடம் ஒரு மருந்து விளம்பரத்தைக் கொடுத்துப் பாருங்கள்.

அடுத்து எழுத்து. ஸ்பானியத்தில் வினாக்குறியும் உணர்ச்சிக்குறியும் வாக்கியத்தின் இறுதியில் மட்டுமல்ல, தொடக்கத்திலும் தலைகீழாக வரும். 1754ஆம் ஆண்டிலேயே அரச மொழிக்கழகம் தன் எழுத்திலக்கண நூலில் வகுத்த முறை அது. அழகு கருதியோ ஆங்கிலப் பழக்கத்தாலோ விளம்பரக்காரர்கள் தொடக்கக் குறியை விட்டுவிடுவதைக் காணலாம். பெரிய எழுத்துகளுக்கு அழுத்தக்குறி வேண்டியதில்லை என்பது அங்கே பரவலான இன்னொரு நம்பிக்கை. அது தவறு, பெரிய எழுத்தானாலும் குறி இடவேண்டும் என்பதே மொழிக்கழகத்தின் விதி. விளம்பரப் பலகைகளோ முழுக்க முழுக்கப் பெரிய எழுத்துகளால் ஆனவை! ‘ந்ய’ ஒலிக்குரிய எழுத்தின் தலையில் இருக்கும் சிறு வளைகோட்டை மறந்தால் என்ன ஆகும் தெரியுமா? ‘ஆண்டு’ என்னும் சொல் மலவாயைக் குறிக்கும் சொல்லாகிவிடும். புத்தாண்டு வாழ்த்து அட்டையில் அந்தக் கோடு விடுபட்டால் எப்படி இருக்கும் என்பதைப் பெற்றோரின் கற்பனைக்கே விட்டுவிடுகிறேன். அந்த ஓரெழுத்துக்காக அந்நாடு பட்ட பாடு சிறிதன்று. அவ்வெழுத்து இல்லாத விசைப்பலகைகளை ஸ்பெயினில் விற்கக்கூடாது என்னும் விதியை ஐரோப்பியச் சமூகம் 1991இல் எதிர்த்தது. ஸ்பெயின் 1993இல் அரசாணை பிறப்பித்து அவ்விதியைக் காத்துக்கொண்டது. நாமோ ணகர, நகர, னகரங்களைப் பற்றி வகுப்பில் ஐந்து நிமிடம் பேசினாலே “மாணவர்களைக் குழப்பாதீர்கள்” என்கிறோம்.

விளிக்கும் முறையில்தான் உண்மையான திறன் தேவைப்படுகிறது என்பேன். ‘நீ’ என்பதற்கும் ‘நீங்கள்’ என்பதற்கும் உரிய சொற்கள் ஸ்பானியத்திலும் உண்டு. ஸ்பெயினில் இன்று பெரும்பாலான விளம்பரங்கள் வாடிக்கையாளரை ஒருமையில் அழைக்கின்றன, அது நட்பு. கொலம்பியாவின் சில பகுதிகளிலோ குடும்பத்தாரிடையேகூட மரியாதைச் சொல் வழங்குகிறது. அர்ஜென்டினாவில் ஒருமைக்கே வேறொரு சொல்; அதற்கேற்ப வினைமுற்றும் மாறும். ஆகவே ஒரே பொருளை மூன்று நாடுகளில் விற்க வேண்டுமாயின் மூன்று விதமாக எழுத வேண்டும். அல்லது ஆளை விளிக்காமலேயே வாக்கியம் அமைக்கத் தெரிந்திருக்க வேண்டும். இது கற்பனையால் வருவதா, மொழிப்பயிற்சியால் வருவதா?

அமெரிக்காவில் நடந்ததைச் சொல்கிறேன். கலிபோர்னியாவின் பால் பதப்படுத்துவோர் வாரியம் 1993இல் “பால் இருக்கிறதா?” என்னும் பொருள்பட இரண்டே சொற்களில் ஆங்கில விளம்பரம் ஒன்றைத் தொடங்கியது, பெரும்புகழ் பெற்றது. அதை அப்படியே ஸ்பானியத்தில் பெயர்த்தால், ஒரு பெண்ணைப் பார்த்து “உங்களுக்குத் தாய்ப்பால் சுரக்கிறதா?” என்று கேட்பதாகிவிடும். சொல் மட்டுமா சிக்கல்? வீட்டில் பால் தீர்ந்துபோவது ஆங்கில விளம்பரத்தில் நகைச்சுவை. ஸ்பானியம் பேசும் தாய்மாருக்கோ அது குடும்பத்தின் குறை. எனவே அவர்களுக்கென்று தாயையும் பாட்டியையும் முன்னிறுத்தி, பிள்ளைகளுக்குப் போதிய பால் கொடுத்தீர்களா என்று மரியாதையுடன் வினவும் வேறொரு விளம்பரமே ஆக்கப்பட்டது. மொழிபெயர்ப்பு வேறு, மொழியறிந்து எழுதுதல் வேறு என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

இவ்விடத்தில் நம் தன்முனைப்புப் பேச்சாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். ‘நோவா’ என்னும் அமெரிக்கக் கார் ஸ்பானிய நாடுகளில் விலைபோகவில்லை, ஏனெனில் அப்பெயருக்கு ‘ஓடாது’ என்று பொருள் என்ற கதையைப் பயிலரங்குகளில் இன்னமும் சொல்லி வருகிறீர்கள். அருள்கூர்ந்து நிறுத்துங்கள். அந்தக் கார் மெக்சிகோவிலும் வெனிசுவேலாவிலும் நன்றாகவே விற்றது. மெக்சிகோவின் அரசு எண்ணெய் நிறுவனம் ‘நோவா’ என்ற பெயரிலேயே பெட்ரோல் விற்றது! ஒற்றைச் சொல்லாக வரும்போது அழுத்தம் முதலசையில் விழும். ‘ஓடாது’ என்னும் இரு சொற்றொடரில் இறுதியில் விழும். ஸ்பானியர் காதுக்கு இரண்டும் வேறு வேறு. பேச்சுமொழியைப் படிக்காமல் எழுத்தை மட்டும் பார்த்தவர்கள் கட்டிய கதை இது. உண்மையான எடுத்துக்காட்டு வேண்டுமென்றால் நம் நாட்டுச் சாலைகளில் நாம் நன்கறிந்த ‘பஜேரோ’ இருக்கிறது. அப்பெயர் ஸ்பானியத்தில் கூசத்தக்க வசைச்சொல். ஆகவே ஸ்பானிய நாடுகளில் அதே வண்டி ‘மொன்தேரோ’ என்ற பெயரில் விற்கப்பட்டது.

ஆங்கில மோகம் ஸ்பெயினையும் விட்டு வைக்கவில்லை. 1713இல் தோன்றிய அரச மொழிக்கழகம், விளம்பரத் துறையினரின் கழகத்தோடு கைகோத்து 2016இல் ஒரு வேடிக்கை செய்தது. ‘ஸ்வைன்’ என்று ஆங்கிலப் பெயர் சூட்டிய ஒரு நறுமணப் பொருளை மிக ஆடம்பரமாக விளம்பரப்படுத்தினார்கள். ஆங்கிலம் புரிந்தவனுக்கு அது பன்றி என்று தெரியும், நாற்றமும் அப்படியே! ‘பிளைண்ட் எஃபெக்ட்’ கொண்ட குளிர்கண்ணாடி ஒன்றையும் விளம்பரப்படுத்தினார்கள். அணிந்தால் ஒன்றுமே தெரியாது. பெயரின் பகட்டில் மயங்கியவர்களுக்குப் பிறகுதான் உண்மை புரிந்தது. தாய்மொழி ஒன்றே என்பது அவ்வியக்கத்தின் முழக்கம்.

நான் வாய்விட்டுச் சிரித்தேன். ஆயினும் முழுமையாக உடன்படவில்லை. ஆங்கிலச் சொல் வருவதற்கு அறியாமை மட்டும் காரணமன்று. ஆங்கிலம் உயர்ந்தது என்ற எண்ணமே காரணம். பிரான்சு 1994இல் சட்டமியற்றி, விளம்பரத்தில் அயற்சொல் வந்தால் பிரெஞ்சிலும் அதன் பொருளைத் தரவேண்டும் என்றது. சட்டம் பலகையைத் திருத்தலாம். எழுதுகிறவனின் கூச்சத்தைத் திருத்துமா? தன் மொழியில் அதே பகட்டோடும் அதே சுருக்கத்தோடும் எழுத முடியும் என்ற துணிவு வகுப்பறையில் பிறக்க வேண்டும்.

மக்கள் தொடர்புக்கு வருவோம். இங்கே மொழிப்பாடம் இருமுனைக் கத்தி என்பதையும் சொல்லியாக வேண்டும். ஸ்பெயினில் வேலையின்மை கடுமையாக இருந்த 2013இல், பிழைப்புத் தேடி இளைஞர்கள் நாட்டை விட்டு வெளியேறுவதை அன்றைய தொழிலாளர் அமைச்சர் பாத்திமா பான்யெஸ் ‘வெளிநாட்டு நகர்வு’ என்று அழைத்தார். எவ்வளவு மென்மையான சொல்! அதே ஆண்டில் ஆளுங்கட்சியின் பொதுச்செயலாளர் மரியா தொலோரெஸ் தெ கொஸ்பெதால், கட்சியின் முன்னாள் பொருளாளருக்குத் தொடர்ந்து பணம் கொடுக்கப்பட்டது ஏன் என்று செய்தியாளர்களிடம் விளக்க முயன்றார். ‘தள்ளிவைத்துக் கொடுக்கும் இழப்பீடு’ என்று தொடங்கி, வாக்கியத்துக்குள் வாக்கியமாகச் சிக்கி, வெளிவர முடியாமல் தவித்தார். நாடே அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. முதலாவது, எழுதித் தீட்டிய சொல் எப்படி உண்மையை மறைக்கும் என்பதற்குச் சான்று. இரண்டாவது, பேச்சுமொழி எப்படி மறைக்க விடாது என்பதற்குச் சான்று. இந்தப் பாடத்தைப் படிப்பவர்களுள் சிலர் நாளை இப்படிப்பட்ட சொற்களை ஆக்கவும் கூடும். அதை மறுப்பதற்கில்லை. ஆனால் படித்த குடிமக்கள்தாம் அவற்றை இனங்காணவும் முடியும்.

இனி நம் பக்கம். தீபாவளிக்கு முன் நம் கடைத்தொகுதிகளில் தொங்கும் தமிழ்ப் பதாகைகளைப் பாருங்கள். கொம்பு ஒருபுறமும் கால் ஒருபுறமுமாகச் சிதறிய எழுத்துகள். ஆங்கிலத்திலிருந்து சொல்லுக்குச் சொல் பெயர்த்த வாழ்த்துகள். சிங்கப்பூரில் 2014இல் ‘லாவ் பா சாட்’ உணவங்காடிக்கு வழிகாட்டும் பலகையில், ‘சாட்’ என்பதைச் சனிக்கிழமையின் சுருக்கம் எனக் கருதித் தமிழில் ‘சனி’ என்றே எழுதி வைத்தார்கள். பிறகு திருத்தினார்கள். இவற்றைப் பார்த்துச் சினந்து படம் எடுத்துப் பரப்புகிறோம். சினம் சரியே. ஆனால் அந்தப் பணிக்கு ஆள் தேடி ஒருவர் நம்மிடம் வந்தால், இருபது நொடியில் சொல்லி முடிக்கக்கூடிய தமிழ் அறிவிப்பை எழுதத் தெரிந்த இளைஞர் எத்தனை பேரை நாம் காட்ட முடியும்?

நம் பாடத்திட்டத்தில் ‘கேட்டல், பேச்சு’ என்று ஒரு திறன் இருக்கிறது. யூபிஎஸ்ஆர் காலத்தில் அது தேர்வுத்தாளில் வராது என்று தாண்டிச் சென்றோம். அந்தத் தேர்வு 2021இல் அகற்றப்பட்டது. சாக்குப் போயிற்று, பழக்கம் போகவில்லை. ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு நான் கொடுக்கும் பயிற்சியைச் சொல்கிறேன். பள்ளிப் பொங்கல் விழாவுக்கு ஓர் அறிவிப்பு. முதலில், ஒலிபெருக்கியில் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல். அடுத்து, வட்டாரப் பெரியவர்களை அழைக்கும் மடலாக. பிறகு, சிற்றுண்டிச்சாலைச் சுவரில் ஒட்டும் எட்டுச் சொல் சுவரொட்டியாக. செய்தி ஒன்றே, மொழி மூன்று. எட்டுச் சொல்லுக்குள் அடக்க முடியாமல் பிள்ளைகள் தலையைச் சொறிவதைப் பார்க்க வேண்டும்! ‘வாங்க’ என்பதா, ‘வருக’ என்பதா, ‘வாருங்கள்’ என்பதா என்று அவர்களுக்குள் ஒரு பெரிய வழக்கே நடக்கும். இதற்கு இரண்டு பாடவேளை போதும். கணினியும் வேண்டாம், ஒதுக்கீடும் வேண்டாம்.