தேடுதலை நிறுத்தலாமா?

2025 பிப்ரவரி 22 அன்று, தெலங்கானாவில் ஸ்ரீசைலம் இடதுகரைக் கால்வாய்ச் சுரங்கப்பாதையின் கூரை இடிந்தது. வெளிமாநிலங்களிலிருந்து பிழைக்க வந்த 8 பேர் உள்ளே சிக்கினர். இருவரின் உடல்கள் மீட்கப்பட்டபின், மேலும் இடியும் அபாயத்தால் தேடுதல் நிறுத்தப்பட்டது. இது முறையா?

2023இல் உத்தரகாண்டின் சில்க்யாராவில் துளையிடும் இயந்திரம் உடைந்தபோதும், தொழிலாளர் கையால் தோண்டி வழி திறந்தனர். 41 பேரும் 17ஆம் நாளில் உயிருடன் மீண்டனர். ஆகவே, உயிர் எஞ்சியிருக்கக்கூடும் என்னும்வரை முயற்சி தளரக்கூடாது.

அந்நம்பிக்கை அற்றபின், மீட்போர் உயிரையும் பலியிடுதல் அறமன்று. எனினும் நிறுத்துதல் வேறு; கைவிடுதல் வேறு. பாதுகாப்பான வழி கண்டதும் தேடுதல் தொடர வேண்டும். தொலைவில் காத்திருக்கும் குடும்பத்திற்கு இறுதிக்கடன் செய்யும் உரிமை உண்டு. உழைத்தவர் வெளியூரார் என்பதால் அக்கடமை குறைவதில்லை.