நாட்டை உலுக்கிய குடும்பப் பெயர்

மத்திய அமெரிக்காவில் ஒரு சிறிய நாடு, நிகரகுவா. அங்கே பேசுவது ஸ்பானிஷ் மொழி. "சாமோரோ" என்ற குடும்பப் பெயரை அங்கே அறியாதவர் இல்லை. 1850-களில் தொடங்கி அந்தப் பெயரில் பலர் ஜனாதிபதி நாற்காலியில் அமர்ந்தார்கள்.

பெட்ரோ சாமோரோ பத்திரிகை ஆசிரியர். சர்வாதிகாரி சொமோசாவை எதிர்த்து எழுதினார். 1978 ஜனவரி 10-ந் தேதி காரில் போனபோது சுட்டுக் கொல்லப்பட்டார். மக்கள் கொதித்து எழுந்தனர். அடுத்த ஆண்டே சொமோசா நாட்டை விட்டு ஓடினார். புரட்சிக்காரர்கள் ஆட்சிக்கு வந்தனர்.

மூன்று பத்திரிகை, ஒரே பெயர்!

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. தலைநகர் மனாகுவாவில் 3 நாளிதழ்கள். ஒன்று அரசை எதிர்த்தது. இரண்டு ஆதரித்தன. மூன்றையும் நடத்தியவர்கள் சாமோரோக்களே! ஆளும் கட்சிப் பத்திரிகையின் ஆசிரியர், கொலையுண்ட பெட்ரோவின் மகன் கார்லோஸ்.

அவருடைய தாயார் வியோலெட்டாவோ, அந்தக் கட்சியை எதிர்த்தே 1990-ல் தேர்தலில் நின்றார். ஜனாதிபதி ஒர்ட்டேகாவைத் தோற்கடித்தார். உள்நாட்டுப் போர் ஓய்ந்தது.

2007-ல் ஒர்ட்டேகா மறுபடியும் ஜனாதிபதி ஆனார். 2021 தேர்தலில் வியோலெட்டாவின் மகள் கிறிஸ்டியானா போட்டியிட முன்வந்தார். உடனே வீட்டுக் காவல்! அண்ணனும் கைதானார். கார்லோஸ் கோஸ்டாரிகாவுக்குத் தப்பினார். ஒருமுறை தன்னை வீழ்த்திய பெயர் அல்லவா? ஒர்ட்டேகா அதை மறக்கவில்லை. 2023-ல் மூவரின் குடியுரிமையும் பறிபோயிற்று.

2025 ஜூனில் வியோலெட்டா 95-வது வயதில் கோஸ்டாரிகாவில் காலமானார். உடலும் அங்கேயே வைக்கப்பட்டது. நிகரகுவாவில் குடியரசு திரும்பிய பிறகு அங்கே கொண்டு போவதாகப் பிள்ளைகள் அறிவித்தார்கள்.