விமானம் உங்களது, பயிற்சிச் செலவு மட்டும் எங்களதா?

உச்சிப்புளியில் கடற்படையின் ஐஎன்எஸ் பருந்து விமானதளம் இருப்பதால் எங்கள் கடற்கரைப் பிள்ளைகளுக்கு ஹெலிகாப்டர் சத்தம் புதிதில்லை. பத்தாம் வகுப்பில் வாத்தியார் "என்னடா ஆகப் போறீங்க?" என்று கேட்டபோது உப்பூர்ப் பசங்க மூன்று பேர் "பைலட் சார்" என்றோம். அதில் ஒருத்தன் மட்டும் பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த பிறகும் அதையே சொன்னான்.

இப்போது அவன் ராமநாதபுரத்தில் ஒரு செல்போன் கடையில் வேலை பார்க்கிறான். கண் பார்வை சரியில்லையா? நன்றாகவே இருக்கிறது. கணக்கிலும் இயற்பியலிலும் மார்க் குறைவா? என்னை விட அதிகம் (அது பெரிய சாதனை இல்லை என்று என் வகுப்புத் தோழர்களுக்குத் தெரியும் :-)). பிரச்சினை பணம்தான்.

கணக்கைப் பாருங்கள். இந்தியாவில் கமர்ஷியல் பைலட் லைசென்ஸ் வாங்க 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதற்கு ஏறக்குறைய 40 முதல் 60 லட்சம் வரை ஆகிறது. லைசென்ஸ் வாங்கிவிட்டால் உடனே ஏர்பஸ்ஸில் ஏறி உட்கார முடியாது. எந்த ரக விமானத்தை ஓட்டப் போகிறோமோ அதற்கென்று 'டைப் ரேட்டிங்' பயிற்சி முடிக்க வேண்டும். அதற்கு இன்னும் பல லட்சம். விமான நிறுவனங்களே நடத்தும் கேடட் திட்டங்களில் சேர்ந்தால் மொத்தச் செலவு ஒரு கோடியைத் தொடுகிறது.

என் நண்பனும் அவன் அப்பாவும் வங்கிக்குப் போனார்கள். ஏழரை லட்சத்துக்கு மேல் கல்விக் கடன் என்றால் சொத்து ஜாமீன் வேண்டும். அவர்களிடம் இருந்தது கருவேலம் மண்டிய ஒன்றரை ஏக்கர் மானாவாரி நிலம். மேனேஜர் பட்டாவைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் குடிக்கச் சொன்னாராம். கதை அத்தோடு முடிந்தது.

"ஆசைப்பட்டால் காசு கட்டித்தான் ஆக வேண்டும், இதில் என்ன அநியாயம்?" என்று கேட்பவர்களுக்குத்தான் இந்தப் பதிவு.

2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்தில் ரயில் ஓட்டுகிறவருக்கு யார் பயிற்சி கொடுத்தது? ரயில்வே. பயிற்சிக் காலத்தில் உதவித்தொகையும் கொடுத்தது. ஐஎன்எஸ் பருந்தில் பறக்கும் கடற்படை விமானிக்கு? அரசு. பதிலுக்கு இத்தனை வருடம் சேவை செய் என்கிறது, பணம் கேட்பதில்லை.

அவ்வளவு ஏன், எங்கள் கரையில் விசைப்படகு ஓட்டுகிறவர் படகிலேயே போய்த்தான் தொழில் கற்றுக்கொள்கிறார். கற்றுக்கொள்ள முதலாளிக்குக் காசு கட்டுவதில்லை. முதலாளி அட்வான்ஸ் கொடுப்பார், அதைத் தீர்க்காமல் வேறு படகுக்கு மாற முடியாது. அதுவும் ஒரு கட்டுதான், நல்லது என்று சொல்ல வரவில்லை. ஆனால் அங்கே கூட பணம் முதலாளி கையிலிருந்து தொழிலாளி கைக்கு வருகிறது. விமானத்தில் மட்டும் தலைகீழ்.

அடுத்த வாதம்: "டாக்டருக்குப் படிக்கிறவன் காசு கட்டவில்லையா?" ராமநாதபுரத்திலேயே 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தார்கள். இடம் கிடைத்துவிட்டால் கூலிக்காரர் பிள்ளையும் குறைந்த கட்டணத்தில் டாக்டர் ஆகலாம். விமானிக்கு? உத்தரப் பிரதேசத்தில் ரேபரேலி பக்கம் ஃபர்சத்கஞ்சில் மத்திய அரசின் விமானப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. அங்கேயே கட்டணம் பல பத்து லட்சம். மேலும் எம்பிபிஎஸ் எந்த ஆஸ்பத்திரியிலும் செல்லும். ஏர்பஸ் 320க்கு எடுத்த டைப் ரேட்டிங்கை வைத்து போயிங் 737 ஓட்ட முடியாது. அந்த நிறுவனம் வாங்கி வைத்திருக்கும் விமானத்துக்கான பயிற்சிக்கு நான் ஏன் பணம் கட்ட வேண்டும்?

"கேப்டன்கள் மாதம் பல லட்சம் வாங்குகிறார்களே!" உண்மைதான். ஆனால் கடன் வாங்கும் இருபது வயதுப் பையன் கேப்டன் இல்லை. லைசென்ஸ் வாங்கியும் வேலை கிடைக்காமல் வட்டி கட்டுகிறவர்கள் எத்தனையோ பேர். வேலை கிடைத்தாலும் நிச்சயம் உண்டா? கிங்ஃபிஷர் 2012இல் நின்றது. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில். கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதத்தில். மூன்றிலும் விமானிகளுக்குச் சம்பள பாக்கி. முதலாளி திவாலானாலும் வங்கிக் கடன் திவாலாகாது!

இது பயணிகளின் பிரச்சினையும்கூட. 2009 பிப்ரவரியில் அமெரிக்காவின் பஃபலோ அருகே கோல்கன் ஏர் விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். விபத்துக்குக் காரணம் கேப்டன் தவறாகக் கையாண்டதே என்றது விசாரணை. ஆனால் விமானிகளின் களைப்பும், துணை விமானியின் சொற்பச் சம்பளமும் அப்போது பெரிதாகப் பேசப்பட்டன. கழுத்தை நெரிக்கும் கடனோடு இருப்பவர் "இன்று எனக்கு முடியவில்லை, ஓட்ட மாட்டேன்" என்று தைரியமாகச் சொல்வாரா?

நிறுவனங்களின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு, மறைக்கவில்லை. "நாங்கள் செலவு செய்து பயிற்சி கொடுப்போம், பக்கத்துக் கம்பெனி ஆயிரம் ரூபாய் கூடக் கொடுத்துக் கொத்திக்கொண்டு போவான்." சரி, அதற்கு பாண்ட் போடுங்கள். 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில், மூன்று ஆண்டுக்குள் விலகினால் 2 லட்சம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. போதாததற்கு, 2017இல் டிஜிசிஏ போட்ட விதிப்படி வேலையை விட கேப்டன் ஒரு வருடமும் துணை விமானி ஆறு மாதமும் முன்னறிவிப்பு தர வேண்டும். பயிற்சிச் செலவையும் அவன் தலையில் கட்டி, காலையும் கட்டிப்போடுவது எந்த ஊர் நியாயம்?

நான் கேட்பது இவ்வளவுதான்:

1. டைப் ரேட்டிங் செலவு முழுவதும் நிறுவனத்துடையது. செலவு 20 லட்சம், பாண்ட் ஐந்து வருடம் என்றால் வருடத்துக்கு 4 லட்சம் கழிய வேண்டும்.

2. இடையில் இழுத்துக்கொள்ளும் நிறுவனம் மீதியைப் பழைய நிறுவனத்துக்குக் கட்டட்டும்.

3. சம்பளம் நின்ற நாளிலேயே பாண்டும் செத்துப்போக வேண்டும்.

4. லைசென்ஸ் படிப்புக்கு மார்க்கும் தகுதித் தேர்வும் போதும், பட்டா வேண்டாம் என்று அரசு ஜாமீன் நிற்க வேண்டும்.

பணம் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். 2023இல் ஏர் இந்தியா 470 விமானம், இண்டிகோ 500 விமானம் என்று ஆர்டர் கொடுத்தார்கள். 2025 டிசம்பரில் விமானிகளின் வார ஓய்வை 48 மணி நேரமாக்கிய விதிக்குச் சரியாகத் தயாராகாமல் இண்டிகோ ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்களை ரத்து செய்தது. விமானம் வாங்கத் தெரிந்தவர்களுக்கு அதை ஓட்ட ஆள் வேண்டும் என்று தெரியாதா?

'சூரரைப் போற்று' பார்த்து ஏழையும் பறக்கலாம் என்று கை தட்டினோம். பயணியாகப் பறக்கலாம், சரி. முன் சீட்டில் உட்கார இன்னமும் அப்பாவின் சொத்துதான் தகுதி என்றால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது.

போன வாரம் என் நண்பன் கடைக்குப் போயிருந்தேன். அவன் செல்போனில், மேலே போகும் விமானம் எங்கிருந்து எங்கே போகிறது என்று காட்டும் ஆப் இன்னமும் இருக்கிறது.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் பின்னூட்டத்தில் தாராளமாகக் கும்முங்கள். "சும்மா கிடைத்தால் மதிப்பு இருக்காது" என்று மட்டும் சொல்லாதீர்கள். ஐந்து வருடப் பாண்ட் என்பது சும்மா இல்லை.