பூட்டு இருக்கட்டும், சாவி யார் கையில்?

ஜவ்வாது மலையிலே, காவலூரில், 1986-ல் திறந்து வைக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி நிற்கிறது. அதன் பெரிய கண்ணாடியைத் தேய்த்து மெருகிட்டது அன்னியக் கை அல்ல. பெங்களூரில் இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் பட்டறையில் உழைத்த நம்மவர் கை. “கருவியைத் தொடாதே” என்று அந்தக் கைகளுக்கு அன்று யாராவது உத்தரவிட்டிருந்தால் தொலைநோக்கி எழுந்திருக்குமா?

அதே மலையில் ஓர் அலுவலகத்தை நினைத்துப் பாருங்கள். ஒப்பந்த ஊழியரான ஒரு சகோதரி, சாமை விவசாயிகளின் மனுக்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார். ஒரே பெயர் மூன்று விதமாக எழுதப்பட்டிருக்கிறது. கண்ணால் சரிபார்த்தால் ஒரு வாரம். பைத்தான் என்னும் இலவச நிரல்மொழியில் சிறு நிரல் எழுதினால் ஒரு பகல். தமிழ் எழுத்துக்களைக் கையாள ‘ஓபன்-தமிழ்’ என்ற பொதியும் இலவசமாகவே கிடைக்கிறது. நிறுவப் போனால் திரை சொல்கிறது: “நிர்வாகியின் அனுமதி தேவை!”

நிர்வாகியோ மலைக்குக் கீழே. கடிதம் போகிறது, பதில் வரவில்லை. மாதக் கடைசியில் மெமோ மட்டும் தவறாமல் வருகிறது: “வேலை ஏன் முடியவில்லை?”

மில் தோழர்களே, இது நமக்குப் புதிய கதையா? ஸ்பானரைப் பூட்டி வைத்துவிட்டு, தறி நின்றதற்கு ஃபிட்டருக்கு அபராதம் போடும் கதைதானே! விவசாயத் தொழிலாளத் தோழர்களே, மண்வெட்டியைப் பண்ணையார் வீட்டில் வைத்துக்கொண்டு “வரப்பு ஏன் வெட்டவில்லை?” என்று கேட்கும் கதைதானே!

பொதி என்றால் என்ன? ஒருவர் எழுதிய நிரலைப் பிறரும் எடுத்தாளக் கட்டி வைத்த கருவிப் பை. வானியலாளர்கள் 2011 முதல் கூட்டாக உழைத்து வளர்த்துவரும் ‘ஆஸ்ட்ரோபை’ பொதியை எவரும் காசின்றி எடுக்கலாம். உழைப்பவர் உழைப்பவருக்குத் தரும் கொடை அது.

“வைரஸ் வந்துவிடும்” என்று கூக்குரலிடுகிறார்கள். போலிப் பொதிகள் உண்டு, நாம் மறுக்கவில்லை. ஆனால் 2017 மே மாதம் பிரிட்டனின் மருத்துவமனைகளைத் தடுமாறச் செய்த ‘வான்னாகிரை’ எப்படிப் பரவியது? ஊழியர் பொதி நிறுவியதாலா? இல்லை! விண்டோஸில் இருந்த ஓட்டை வழியே பரவியது. ஓட்டையை அடைக்கும் திருத்தம் மார்ச் மாதமே வெளிவந்துவிட்டது. அதைப் போடாமல் விட்டது சாவி வைத்திருந்தவர்கள்!

முழு இயந்திரத்தின் சாவியை நாம் கேட்கவில்லை. ஒவ்வொரு வேலைக்கும் தனி வேலி கட்டி, ஊழியரின் கோப்புறைக்குள்ளேயே பொதிகளை வைக்கும் வசதி 2012-ல் வந்த பைத்தான் 3.3 முதலே இருக்கிறது. வழி இருக்கிறது, மனம்தான் இல்லை.

நாம் கேட்பது இவை:

சோதித்து ஏற்ற பொதிகளின் பட்டியலை வெளியிடு! அவற்றை அலுவலகத்தின் சொந்தக் கம்ப்யூட்டரிலேயே சேமித்து வை. மலையில் இணையம் அறுந்தாலும் வேலை நடக்கட்டும்!

புதிய பொதி கேட்டால் மூன்று நாளில் எழுத்தில் பதில் கொடு! மறுத்தால் காரணம் சொல்!

அனுமதி தாமதமானதற்கு ஊழியருக்கு மெமோ கொடுக்காதே!

தோழர்களுக்கு ஒரு சொல். தனியாக, திருட்டுத்தனமாகப் பூட்டை உடைக்காதீர்கள். ஒப்பந்த ஊழியரை வீட்டுக்கு அனுப்ப அதுவே சாக்காகிவிடும். பத்துப் பேர் கையெழுத்திட்டுச் சங்கத்தின் மூலம் கேளுங்கள். ஒருவரின் கடிதத்தைக் குப்பையில் போடலாம். பத்துப் பேரின் கோரிக்கையைப் போட முடியாது.

வேலை செய்யும் கைக்குக் கருவி வேண்டும். இது சலுகை அல்ல, உரிமை!