டயர் முதலில், உயரம் கடைசியில்

பள்ளி விடுமுறை நெருங்கினாலே என்னிடம் வரும் கேள்வி ஒன்றுதான்: "அண்ணா, எங்க அருஸ் வண்டிய கொஞ்சம் உயர்த்திட்டா பிள்ளைங்களோட கேம்பிங் போகலாமா?" தாராளமாகப் போகலாம். ஆனால் வண்டியை உயர்த்துவது கடைசியாக யோசிக்க வேண்டிய வேலை.

எந்தப் பாதை என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். ஜண்டா பாயிக் போன்ற இடங்களின் முகாம் தளங்களுக்குப் போகும் செம்மண் தடம், செம்பனைத் தோட்டத்துச் சாலை, கணுக்கால் அளவு ஓடை ஆகியவை குடும்ப எஸ்யூவிக்குப் போதும். முழங்கால் சேறும் வின்ச் தேவைப்படும் மரம் வெட்டும் பாதையும் நான்கு சக்கர இயக்க வண்டிகளுக்கு உரியவை. பெரோடுவா அருஸ், தொயோத்தா ரஷ் இரண்டும் பின்சக்கர இயக்கம். தரை இடைவெளி 220 மில்லிமீட்டர். இது காலி வண்டியின் கணக்கு. ஐந்து பேரும் சாமான்களும் ஏறினால் வண்டி தாழ்ந்துவிடும்.

டயரும் காற்றும்

முதல் செலவு டயருக்கு. சாலைக்கும் மண்ணுக்கும் பொதுவான 'ஏ.டி.' வகை டயரை, கார் நிறுவனம் சொல்லும் அளவிலேயே போடுங்கள். பெரிய டயர் போட்டால் உயரம் கூடும் என்று நினைப்பவர்கள் கணக்குப் பாருங்கள்: விட்டம் 2 சென்டிமீட்டர் கூடினால் தரை இடைவெளி 1 சென்டிமீட்டர்தான் கூடும். அதற்காக வேகமானி தவறான வேகத்தைக் காட்டும்; ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பும்போது டயர் உரசக்கூடும்.

வாங்கும்போது டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு எண்களைப் பாருங்கள். 2423 என்றிருந்தால் 2023-ஆம் ஆண்டின் 24-ஆவது வாரத்தில் செய்தது. மாற்று டயர் முழு அளவாக இருக்கிறதா என்றும் பாருங்கள். பல கார்களில் வருவது மெல்லிய தற்காலிக டயர். காட்டுத் தடத்தில் அதை நம்ப முடியாது.

மண் தடத்தில் இறங்கும் முன் காற்றை 32-இலிருந்து 25 பி.எஸ்.ஐ. அளவுக்குக் குறைத்தால் டயர் அகலமாகப் பதிந்து பிடிப்பு கூடும். தார் சாலைக்குத் திரும்பியதும், வேகம் எடுக்கும் முன், பழைய அளவுக்கு ஏற்றிவிட வேண்டும். அதனால்தான் சின்ன கம்ப்ரசரை இரண்டாவது செலவாகச் சொல்கிறேன்.

அடித்தகடும் கயிறும்

எண்ணெய்த் தொட்டியைக் கல்லிலிருந்து காக்கும் இரும்பு அடித்தகடு மூன்றாவது. நான்காவது, இழுவைக் கயிறும் மண்வெட்டியும். கயிற்றை காரோடு வரும் இழுவை வளையத்தில் மட்டுமே மாட்டுங்கள். சஸ்பென்ஷன் கம்பியில் மாட்டாதீர்கள். இழுக்கும்போது கயிறு அறுந்தால் சாட்டைபோல் வீசும், உயிரையே பறிக்கும். பிள்ளைகளைக் கயிற்றின் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்குக்கு அப்பால் நிறுத்துங்கள்.

எடைக் கணக்கு

பலர் மறப்பது எடையை. ஐந்து பேர் 300 கிலோ, 40 லிட்டர் தண்ணீர் 40 கிலோ, கூரைக் கூடாரம் 60 கிலோ என்றால் 400 கிலோ ஆகிவிட்டது. அடுப்பும் அரிசியும் இன்னும் ஏறவில்லை. வண்டியின் சுமை வரம்பும் கூரையின் வரம்பும் கையேட்டில் தனித்தனியாக இருக்கும். இரண்டையும் பாருங்கள். கனமான பொருள்கள் தரையோடு இருக்கட்டும். கூரையில் ஏற்றினால் வளைவில் வண்டி சாயும்.

உயர்த்தும் ஆசை

நீளமான ஸ்பிரிங் போட்டு 5 சென்டிமீட்டர் உயர்த்தினால் வண்டியின் ஈர்ப்பு மையமும் உயரும். பிள்ளைகளோடு நெடுஞ்சாலையில் அதே வண்டியைத்தானே ஓட்டுகிறோம்? வண்டியின் அமைப்பை மாற்றும் வேலை என்றால், பணிமனைக்காரர் "ஒன்றும் ஆகாது" என்று சொன்னாலும், ஜேபிஜே அனுமதி வேண்டுமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். காப்புறுதி நிறுவனத்திடமும் தெரிவியுங்கள். சொல்லாமல் விட்ட மாற்றத்தைக் காட்டி, விபத்து நாளில் இழப்பீட்டை மறுக்க இடமுண்டு.

வண்டியால் காக்க முடியாதது

2022 டிசம்பர் 16 அதிகாலையில் பத்தாங்காலி அருகே ஒரு முகாம் தளத்தின் மீது மலைச்சரிவு விழுந்து 31 பேர் இறந்தார்கள். அவர்களில் குழந்தைகளும் உண்டு. அந்தச் செய்திக்குப் பிறகு எந்தத் தளத்துக்குப் போனாலும் நான் முதலில் பார்ப்பது பின்னால் உள்ள சரிவைத்தான். தளத்துக்கு உரிமம் உண்டா என்று கேளுங்கள். காப்புக் காடு என்றால் வனத்துறையின் அனுமதி வாங்குங்கள்.

ஆற்றோரம் கூடாரம் போடாதீர்கள். நம் தலைக்கு மேல் வானம் தெளிவாக இருந்தாலும் மேல்மலையில் பெய்த மழை 'கெபாலா ஆயர்' ஆக இறங்கும். தண்ணீர் கலங்கி, இலையும் சுள்ளியும் மிதந்து வந்தால் சாமான்களை விட்டுவிட்டு மேட்டுக்கு ஏறுங்கள். ஏர்கோன் போட்டுக்கொண்டு, இன்ஜின் ஓட காருக்குள் தூங்குவதும், கரி அடுப்பைக் கூடாரத்துக்குள் வைப்பதும் வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூங்குபவரை எழுப்பவும் செய்யாது.

இந்த விடுமுறைக்கு டயர், கம்ப்ரசர், அடித்தகடு, கயிறு, மண்வெட்டி போதும். இவற்றோடு இரண்டு மூன்று பயணம் போய் வாருங்கள். அப்போதும் வண்டியின் அடிப்பகுதி தட்டினால் உயரத்தைப் பற்றிப் பேசலாம்.

அடுத்த வாரம்: நம் மழைக்குத் தாங்கும் கூடாரத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது?