பேக்ஸுக்கு எத்தனை பணம் கொடுக்கலாம்?

2018-ம் வருஷம் நவம்பர் மாதம் 21-ந் தேதி ஜம்மு காஷ்மீர ராஜ்யத்தில் ஒரு விசித்திரம் நிகழ்ந்தது. முன்னாள் முதல் மந்திரி ஸ்ரீமதி மெஹபூபா முப்தி, மந்திரி சபை அமைக்கும் உரிமையைக் கோரிக் கவர்னருக்கு ஒரு கடிதம் அனுப்ப முயன்றார். கவர்னர் மாளிகையின் பேக்ஸ் யந்திரம் அதை ஏற்றுக் கொள்ளவில்லை என்று சொல்லி, கடிதத்தை ட்விட்டரில் ஊரறியப் பிரசுரித்து விட்டார். அன்றிரவே சட்டசபை கலைக்கப்பட்டது. அன்று மீலாது நபிப் பண்டிகை, மாளிகையில் சிப்பந்திகள் இல்லை என்பது கவர்னர் ஸ்ரீ சத்யபால் மாலிக் பின்னர் கூறிய சமாதானம். தவறு யார் பேரில் என்பது இங்கே நமது விசாரணை அல்ல. அந்த வாரம் தேசம் முழுவதும், "இந்தக் காலத்திலுமா பேக்ஸ்?" என்று கேட்டுச் சிரித்தது என்பதே நாம் கவனிக்க வேண்டியது.

அப்படிச் சிரித்தவர்களில் சிலரேனும் பிற்பாடு பேக்ஸைத் தேடி அலைந்திருப்பார்கள் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. நாம் தந்திக்கே 2013 ஜூலையில் விடை கொடுத்தனுப்பி விட்டோம். இங்கிலாந்தில் பொது வைத்திய ஸ்தாபனம் புதிதாகப் பேக்ஸ் யந்திரம் வாங்குவதை 2019 ஜனவரியிலேயே தடுத்து விட்டது. ஜப்பானில் 2021-ல் மந்திரி கோனோ டாரோ சர்க்கார் காரியாலயங்களிலிருந்து பேக்ஸை ஒழிக்கக் கிளம்பினார்; அந்தக் காரியாலயங்களே நூற்றுக்கணக்கில் ஆட்சேபங்களை எழுதி அவரைத் திகைக்க வைத்தன. சந்திரனுக்கு மனிதரை அனுப்பிய அமெரிக்காவிலோ, வைத்தியர்கள் முதல் வரி இலாகா வரையில் பேக்ஸை இன்னும் கைவிட்ட பாடில்லை.

அமெரிக்காவின் பிடிவாதம் நம்மை எப்படித் தொடுகிறது என்று கேட்கலாம். கோயம்புத்தூரிலோ மதுரையிலோ இருந்து கொண்டு கம்ப்யூட்டர் சாதனங்களைச் சிருஷ்டித்து, அவற்றை அமெரிக்க வாடிக்கைக்காரர்களுக்கு விற்கும் வாலிபர்கள் இன்று நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களில் சிலர் அந்நாட்டிலேயே ஒரு கம்பெனியைப் பதிவு செய்து கொள்கிறார்கள். பதிவானதும், வரிக்கும் பாங்கிக் கணக்குக்கும் இ.ஐ.என். என்ற ஓர் எண் வேண்டும். அந்நாட்டுப் பிரஜைகள் அதை இணையத்தில் சில நிமிஷங்களில் பெற்று விடலாம். சோஷல் செக்யூரிட்டி எண் போன்ற அமெரிக்க எண் எதுவும் இல்லாத வெளிநாட்டாருக்கு அந்த வாசல் சாத்தியிருக்கிறது. எஸ்.எஸ்.-4 என்ற ஒரே பக்கத்துப் பாரத்தைப் பூர்த்தி செய்து தபாலிலோ பேக்ஸிலோ அனுப்ப வேண்டும்; அல்லது டெலிபோனில் பேச வேண்டும். தபால் என்றால் நான்கு வாரக் கணக்கு. பேக்ஸில் அனுப்பி, பதிலுக்கு ஒரு பேக்ஸ் எண்ணும் கொடுத்திருந்தால் நான்கு அலுவல் நாட்களில் எண் வரும் என்பது இலாகாவின் வாக்கு. அதற்கு மேல் நாளாவதும் உண்டு.

இந்த எண்ணுக்கு அமெரிக்க சர்க்கார் ஒரு காசும் வாங்குவதில்லை. இருந்தும், பாரத்தைத் தாங்கள் அனுப்பித் தருவதாகச் சொல்லி நம் வாலிபர்களிடம் டாலர்களை எண்ணி வாங்கும் தரகர்கள் பெருகியிருக்கிறார்கள். ஒரு பக்கத்தை அனுப்பி ஒரு பக்கத்தைப் பெறும் வித்தைக்குத் தரகு கொடுப்பானேன்? அதை வீட்டிலிருந்தபடியே சொற்பச் செலவில் செய்யலாம் என்பதைக் காட்டத்தான் இவ்வாரப் பகுதி.

பேக்ஸ் டெலிபோனுக்கும் மூத்தது. ஸ்காட்லாந்தில் பிறந்த அலெக்ஸாண்டர் பெயின் என்ற கடிகார வேலைக்காரர் 1843-லேயே அதற்கு உரிமைப் பத்திரம் வாங்கி விட்டார். 1865-ல் காஸெல்லி என்ற இத்தாலியப் பாதிரியாரின் யந்திரம் பாரிஸுக்கும் லியோனுக்கும் இடையே கையெழுத்தையும் சித்திரத்தையும் தந்திக் கம்பி வழியே சுமந்தது. இப்போது நடப்பில் உள்ள முறை 1980-ல் சர்வதேச ஒப்பந்தமானது: பக்கத்தை வரி வரியாகப் பிரித்து, ஒவ்வொரு வரியிலும் 1,728 புள்ளிகளைக் கறுப்பு அல்லது வெள்ளை என்று ஒலியாக மாற்றி டெலிபோனில் ஊதுகிறார்கள். மின்னஞ்சல் பேக்ஸ் என்பது இந்த ஊதும் வேலையை வேறொருவர் யந்திரத்திடம் ஒப்படைப்பதுதான். நாம் பாரத்தைப் பி.டி.எஃப். ஆக்கி, அந்த ஸ்தாபனம் சொல்லும் விலாசத்துக்கு மின்னஞ்சல் செய்கிறோம். அது டெலிபோனைச் சுழற்றி அமெரிக்க யந்திரத்தில் சேர்க்கிறது. பதில் வரும்போது, நமக்கென்று ஒதுக்கிய எண்ணில் அதை வாங்கி, மறுபடியும் பி.டி.எஃப். ஆக நம் அஞ்சல் பெட்டியில் போடுகிறது.

யந்திரமே வாங்கி விடலாமே என்பார் சிலர். ஒரு பக்கத்துக்காக யந்திரமும், டெலிபோன் கம்பியும், அமெரிக்காவுக்கு நிமிஷக் கட்டணமும் கொடுப்பது கொசுவை அடிக்க பீரங்கி வாங்கும் காரியம். இணையத்தில் ஓடும் டெலிபோனில் பழைய யந்திரத்தைச் செருகினாலும் பலிப்பது அரிது. மனிதக் குரலுக்காகச் சுருக்கப்படும் ஒலியில் பேக்ஸின் ஊதல் சிதைந்து போகிறது. அதைச் சமாளிக்க டி.38 என்று ஓர் ஏற்பாடு உண்டு; ஆனால் அது இரு முனையிலும் இடைவழியிலும் இருந்தால்தான் பயன்.

ஆகவே, மின்னஞ்சல் ஸ்தாபனங்களே கதி. இவற்றில் அனுப்ப மட்டும் உதவுகிறவை உண்டு. சில இலவசமாகவே இரண்டு மூன்று பக்கங்களை அமெரிக்காவுக்கு அனுப்பும். முகப்புத் தாளில் தங்கள் விளம்பரத்தை அச்சிட்டுக் கொள்ளும். வரி இலாகாவின் குமாஸ்தா அந்த விளம்பரத்தைப் பார்த்து முகம் சுளிக்கப் போவதில்லை. தாளுக்கு இவ்வளவு என்று வாங்குகிறவையும் இருக்கின்றன. அனுப்புவது மட்டும் போதுமென்றால் இங்கேயே கணக்கு முடிந்தது.

செலவெல்லாம் பெறுவதில்தான் இருக்கிறது. பதில் வர ஓர் எண் வேண்டும். எண்ணை மாத வாடகைக்குத்தான் கொடுக்கிறார்கள். விளம்பரங்கள் இதை மறைத்து, "மாதம் இருநூறு பக்கம்!" என்று தண்டோராப் போடுகின்றன. உதாரணத்துக்கு, மாதம் பத்து டாலர் என்று வைத்துக் கொள்வோம். நாம் அனுப்பியது ஒன்று, பெற்றது ஒன்று. ஆக, பக்கம் ஒன்றுக்கு ஐந்து டாலர். நிறுத்த மறந்து வருஷம் முழுவதும் விட்டு வைத்தால் பக்கம் அறுபது டாலர்! எஞ்சிய பக்கங்களைக் கொண்டு காராசேவுக்குப் பொட்டலம் கட்டக்கூட முடியாது. இருநூறு பக்கத்துக்கு மயங்காமல் மிகச் சிறிய சந்தாவை, வருஷக் கணக்கில் அல்லாமல் ஒரு மாதத்துக்கு மட்டும் எடுத்துக் கொள்வதே சிக்கனம். வருஷச் சந்தாவுக்குக் கழிவு உண்டென்று கெஞ்சுவார்கள். செவி சாய்க்க வேண்டாம்.

இதைவிடவும் மலிவு ஒன்று உண்டென்று புத்திசாலிகள் கண்டு வைத்திருக்கிறார்கள். ஒரு வாரமோ இரண்டு வாரமோ சும்மா உபயோகித்துப் பார்க்கக் கொடுக்கும் ஸ்தாபனத்தில் சேர்ந்து, பாரத்தை அனுப்பி விட்டு, கெடு முடிவதற்குள் விலகி விடுவது. ஆபத்து இங்கேதான். நான்கு நாளில் வர வேண்டிய பதில் பதினெட்டு நாளானால், அதற்குள் எண் நம்முடையதாக இராது. இலாகாவோ பாரத்தில் கண்ட எண்ணுக்கே கடமை தவறாமல் அனுப்பும். கைவிடப்பட்ட எண் சில காலம் சும்மா கிடந்து பிறகு வேறொருவர் கைக்குப் போகும். பெயரும் விலாசமும் வரி எண்ணும் தாங்கிய தாள் முன்பின் அறியாத ஒருவரின் அஞ்சல் பெட்டியில் போய் விழவும் கூடும். பத்து டாலரை மிச்சம் பிடித்து, பிறந்த கம்பெனியின் பெயரையே அந்நியரிடம் அடகு வைப்பதற்கு ஒப்பான செய்கை இது. பதில் கைக்கு வரும் வரையில் எண்ணைக் கைவிடலாகாது. இரண்டு மாத வாடகையை முதலிலேயே செலவாகக் கணக்கில் எழுதி விடுவது உத்தமம். சந்தா தானாகப் புதுப்பிக்கப்படுமா, எப்படி நிறுத்துவது, வந்த பக்கங்களை அவர்கள் எத்தனை காலம் சேமித்து வைப்பார்கள் என்ற மூன்றையும் பணம் கட்டுமுன் படித்து விட வேண்டும். பக்கம் எத்தனை என்பதைப் பிறகு பார்த்துக் கொள்ளலாம்.

ஒரு வைத்தியரின் காரியாலயத்துக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே எண் என்பது வருஷக் கணக்காக நோயாளிகளுக்கும் மருந்துக் கடைகளுக்கும் தெரிந்த சொத்து. ஸ்தாபனம் மாறும்போது எண்ணையும் எடுத்துச் செல்ல அனுமதி உண்டா என்று அவர்கள் கேட்க வேண்டும். நோயாளிகளின் இரகசியத்தைக் காக்கும் 1996-ம் வருஷத்து அமெரிக்கச் சட்டத்துக்கு உட்பட்டு ஒப்பந்தம் எழுதித் தருவார்களா என்றும் கேட்க வேண்டும். எழுதித் தரும் சந்தாக்கள் பெரும்பாலும் விலை கூடியவையே. நம் வாலிபருக்கு அந்தச் செலவு வேண்டியதில்லை.

பாரத்தைத் தயார் செய்வதிலும் கவனம் வேண்டும். பேக்ஸுக்கு சாம்பல் நிறம் தெரியாது. டெலிபோனால் படம் பிடித்த தாளில் விழும் நிழல் மறுமுனையில் கரும் புள்ளிகளாகக் கொட்டும். பக்கமும் நெடு நேரம் ஓடிக் கம்பி அறுந்து போகலாம். வெள்ளைத் தாளில் கறுப்பு மசி, நுண்ணிய தரம், நிழலில்லாத பிரதி: இவ்வளவு போதும். நம் நண்பகல் அங்கே நள்ளிரவு கடந்த வேளை. கம்பி சும்மா கிடக்கும் அந்நேரத்தில் அனுப்பினால் "எங்கேஜ்" என்ற பதில் குறையும்.

அனுப்பியதும் ஸ்தாபனம் ஒரு ரசீது தரும். எதிர் யந்திரம் இத்தனை பக்கத்தை இத்தனை மணிக்கு வாங்கிக் கொண்டது என்பதே அதன் பொருள். எவரேனும் படித்தார்கள் என்று அர்த்தமில்லை. அப்படியிருந்தும் அதைப் பத்திரப்படுத்த வேண்டும். ஒரு வாரம் பதிலில்லையென்று பதறி, மறுபடியும் அதே பாரத்தை அனுப்பி விடுகிறவர்கள் உண்டு. ஒரே கம்பெனிக்கு இரண்டு எண் வந்து சேர்ந்தால் அந்தச் சிக்கலை அவிழ்ப்பது மகா கஷ்டம். ஒரு வழியில் மட்டுமே விண்ணப்பிக்கும்படி இலாகாவே எச்சரிக்கிறது. தாமதமானால், வெளிநாட்டாருக்கென்று இலாகா வைத்திருக்கும் டெலிபோன் எண்ணைக் கூப்பிட்டு, ரசீதின் தேதியையும் நேரத்தையும் சொல்லி விசாரிக்கலாம். பதில் வந்தபின் அதைக் கம்ப்யூட்டரில் ஒன்றும் காகிதத்தில் ஒன்றுமாகப் பிரதி எடுத்து வைத்துக் கொண்டு, ஸ்தாபனத்தின் பெட்டகத்திலுள்ள நகல்களை அழித்து, அன்றைக்கே சந்தாவை நிறுத்தி, நிறுத்தியதற்கும் ஒரு ரசீது வாங்கி விட வேண்டும்.